பிரபுக்கள் வீட்டுக் கொலைகள்: கதையில் உள்ளதும் வழக்குப் பதிவில் உள்ளதும்

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்து இங்கிலாந்தில், மேட்டுக்குடியினரின் மாளிகைகளில் நடப்பதாக எழுதப்படும் கொலைக் கதைகளைத் தொடர்ந்து படித்துவரும் நீங்கள், அத்தகைய கொலைகள் உண்மையிலேயே நடந்தனவா என்றும், நடந்திருந்தால் செல்வாக்கு உள்ளவர்கள் தப்பிவிட முடிந்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே காலத்தில் நடக்கும் ஒரு கதையை எழுதிப் பார்க்கும் எண்ணம் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே அந்தக் கதைகளில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளடக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இங்கே குற்றவியல் வழக்குகளை நடத்திவருபவன். இங்கிலாந்தில் வழக்காடியவன் அல்லன். ஆனால் நம்முடைய சாட்சியச் சட்டத்துக்கு வேர் அங்கேதான் என்பதால், அந்தக் காலத்து ஆங்கில வழக்குகளின் அச்சான நடவடிக்கைப் பதிவுகளைப் பல ஆண்டுகளாகத் தொழில் நிமித்தமாகவும் ஆர்வத்தினாலும் படித்துவந்திருக்கிறேன். அந்த வாசிப்பிலிருந்து சொல்கிறேன்.

கொலைகள் நடந்தன. ஆனால் செல்வந்தர் உலகில் நடந்து புகழ்பெற்ற வழக்குகளில், 'யார் கொன்றது' என்ற கேள்வி பெரும்பாலும் எழவே இல்லை. சுட்டவர் பிணத்தின் அருகிலேயே இருந்தார், மருத்துவரை அழைத்ததும் அவரே. நீதிமன்றம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, மூடிய அறைக்குள் அந்தச் சில விநாடிகளில் என்ன நடந்தது என்பதைத்தான். கதைகளில் வரும் உண்மையான புதிர்கள், அதாவது நஞ்சு வைத்தது யார், பூட்டிய வீட்டுக்குள் வந்தது யார் என்ற வகையைச் சேர்ந்தவை, அந்த ஆண்டுகளில் நடுத்தர வர்க்கத்துப் புறநகர் வீடுகளில்தான் நிகழ்ந்தன. நாவலாசிரியர்கள் அங்கிருந்த புதிரை எடுத்து மாளிகைக்குள் கொண்டுவைத்தார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் எல்விரா பார்னி வழக்கைப் பார்ப்போம். லண்டன் பங்குச் சந்தையில் அரசாங்கத்தின் தரகராக இருந்த சர் ஜான் முல்லன்ஸின் மகள் இவர். அமெரிக்கப் பாடகர் ஒருவரை மணந்து பிரிந்தவர். நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில், பழைய குதிரை லாயங்களைக் குடியிருப்புகளாக மாற்றிய ஒரு சந்தில் தனியாக வாழ்ந்தவர். 1932 மே 30 அன்று மாலை அவர் வீட்டில் விருந்து நடந்தது. அதன்பின் அவரும் காதலர் மைக்கேல் ஸ்காட் ஸ்டீபனும் கேளிக்கை விடுதிகளுக்குச் சென்று நள்ளிரவுக்குப் பிறகு திரும்பினார்கள். விடியும் முன் எல்விரா பதறிப்போய் மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசினார். மருத்துவர் வந்தபோது ஸ்டீபன் மார்பில் குண்டு பாய்ந்து மாடிப்படியின் உச்சியில் இறந்து கிடந்தார். தமக்குள் சண்டை மூண்டதாகவும், தாம் தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டியதாகவும், ரிவால்வருக்காக இருவரும் போராடியபோது அது வெடித்துவிட்டதாகவும் அவர் சொன்னார். சுடுவேன் என்று அவர் கத்தியது கேட்டதாக அண்டை வீட்டுக்காரர்கள் சாட்சியம் அளித்தார்கள். சில நாட்களுக்கு முன்பு கீழே நின்ற ஸ்டீபனை நோக்கி அவர் ஜன்னலிலிருந்து சுட்டதாகவும் சொன்னார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இந்த வழக்கில் நேரடியான விடை இருக்கிறது. காவல் நிலையத்துக்கு வரச்சொன்ன அதிகாரியை எல்விரா அறைந்தார். அப்படியிருந்தும் வாக்குமூலம் பெற்றபின் அவரைப் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூன் 3 அன்றுதான் கைது செய்தார்கள். ஒரு தொழிலாளியின் மனைவி அதே நிலையில் இருந்திருந்தால் அன்று காலையே சிறைக்குள் இருந்திருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. செல்வாக்கு தந்தது அந்தச் சில நாட்களை மட்டுமே. கொலைக் குற்றச்சாட்டைத் தடுக்க அதனால் முடியவில்லை. லண்டனின் மத்தியக் குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியில், நீதிபதி டிராவர்ஸ் ஹம்ப்ரீஸ் முன்னிலையில், தூக்குக் கயிற்றின் நிழலில்தான் அவர் நின்றார்.

அவரைக் காப்பாற்றியவர் சர் பேட்ரிக் ஹேஸ்டிங்ஸ். அவர் அந்த வழக்கை நடத்திய விதத்தைக் குறுக்கு விசாரணை கற்க விரும்பும் எந்த இளம் வழக்கறிஞரும் படிக்க வேண்டும். அந்த ரிவால்வரின் விசையை இழுக்க நல்ல அழுத்தம் வேண்டும், அது தற்செயலாக வெடிப்பது அரிது என்று துப்பாக்கி நிபுணர் ராபர்ட் சர்ச்சில் சொல்லியிருந்தார். ஹேஸ்டிங்ஸ் அதே ரிவால்வரைக் கையில் எடுத்து, கூரையை நோக்கிப் பிடித்து, எந்தச் சிரமமும் இல்லாதவர்போல் விசையைத் திரும்பத் திரும்ப இழுத்துக் காட்டினார். ஜூரிகளின் காதில் கேட்டது அந்தச் சத்தம்; நிபுணரின் கணக்கு அத்தோடு மங்கிப்போனது. ஜன்னலிலிருந்து சுட்டபோது எல்விரா துப்பாக்கியை இடது கையில் பிடித்திருந்தார் என்று ஒரு சாட்சி சொல்லியிருந்தார். எல்விரா சாட்சிக் கூண்டில் நின்றபோது ரிவால்வரை அவர் முன்னால் வைக்கச் செய்து, வேறு பக்கம் திரும்பியிருந்த ஹேஸ்டிங்ஸ், திடீரென்று உரத்த குரலில் அதை எடுக்குமாறு கட்டளையிட்டார். திடுக்கிட்ட எல்விரா அதை வலது கையால் எடுத்தார். ஜூரிகள் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே கலந்தாலோசித்து, கொலை, கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்தல் ஆகிய இரண்டிலிருந்தும் அவரை விடுவித்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1936 கிறிஸ்துமஸ் சமயத்தில், பாரிஸ் நகர ஓட்டல் அறை ஒன்றில் அவர் இறந்துகிடந்தார்.

இதில் எது உறுதி, எது ஐயத்துக்குரியது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எல்விராவின் துப்பாக்கியிலிருந்து பாய்ந்த குண்டால் ஸ்டீபன் இறந்தார் என்பது உறுதி. பறிக்கும் போராட்டத்தில் அது வெடித்ததா, விட்டுப் போகாதே என்ற ஆத்திரத்தில் அவரே சுட்டாரா என்பதை எந்தப் பதிவிலிருந்தும் இன்று தீர்மானிக்க முடியாது. அரசுத் தரப்பு ஐயமற நிரூபிக்கவில்லை என்பதே தீர்ப்பின் பொருள். 'பணக்காரி என்பதால் விட்டுவிட்டார்கள்' என்று சுருக்கிச் சொல்வது அந்த ஜூரிகளுக்கும் நியாயமாகாது. ஆனால் அத்தகைய வழக்கறிஞரை அமர்த்தும் வசதி எத்தனை பேருக்கு இருந்தது என்று கேட்டால், அங்கே பணம் வேலை செய்தது தெரியும்.

இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1923 ஜூலை 10 அதிகாலையில், லண்டனில் கடும் இடிமழை பெய்துகொண்டிருந்தபோது, சவாய் ஓட்டலின் தாழ்வாரத்தில் எகிப்தியச் செல்வந்தர் அலி கமெல் ஃபாமியை அவருடைய பிரெஞ்சு மனைவி மார்கரெட் சுட்டுக் கொன்றார். அவருக்காக வாதிட்டவர் சர் எட்வர்டு மார்ஷல் ஹால். அந்த வாதத்தை இன்று படிக்கும்போது வருத்தமே மிஞ்சுகிறது. இறந்தவரின் கொடுமையை நிறுவுவதோடு அவர் நிற்கவில்லை. கீழைநாட்டு ஆண்களே இப்படித்தான், மேலைநாட்டுப் பெண் அவர்களை மணந்ததே பிழை என்று ஒரு முழு மக்களையும் கூண்டில் நிறுத்தினார். எகிப்திய வழக்கறிஞர் மன்றத்தின் தலைவர் தந்தி மூலம் கண்டனம் தெரிவிக்கும் அளவுக்கு அது போயிற்று. மார்கரெட்டின் கடந்தகால வாழ்க்கையை அரசுத் தரப்பு எழுப்பக்கூடாது என்று நீதிபதி ரிக்பி ஸ்விஃப்ட் உத்தரவிட்டதால், ஜூரிகள் பார்த்தது கொடுமைக்கு ஆளான ஓர் அபலைப் பெண்ணை மட்டுமே. செப்டம்பரில் அவர் விடுதலையானார்.

அந்தக் கடந்தகாலத்தில்தான் சர்ச்சை இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பாரிஸில் அவருக்கும் பின்னாளில் எட்டாம் எட்வர்டு ஆன வேல்ஸ் இளவரசருக்கும் உறவு இருந்தது. இளவரசர் அவருக்குக் கடிதங்கள் எழுதினார். இவை ஏற்கப்பட்ட செய்திகள். அந்தக் கடிதங்களைத் திருப்பித் தருவதற்கு ஈடாக அரண்மனை விசாரணையின் போக்கை வளைத்தது என்பது பிற்காலத்தில் எழுதப்பட்ட வாதம். காலவரிசை பொருந்துகிறது, நோக்கமும் பொருந்துகிறது. ஆனால் பொருத்தம் சாட்சியம் ஆகாது. அதை நான் வலுவான சந்தேகம் என்ற நிலையில்தான் வைப்பேன். கதை எழுதுபவருக்கு இதைவிட நல்ல கரு கிடைப்பது அரிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இரண்டு விடுதலைகளின் எடை, அதே 1923 ஜனவரி 9 அன்று ஹாலோவே சிறையில் தூக்கிலிடப்பட்ட எடித் தாம்ப்சனை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. அவர் பிரபுக் குடும்பத்தவர் அல்லர். பெண்களின் தொப்பிகளை மொத்தமாக விற்கும் வணிக நிறுவனத்தில் நல்ல சம்பளத்துக்கு வேலை பார்த்த, இல்ஃபோர்டு புறநகர்வாசி. அவருடைய காதலர் ஃபிரெடரிக் பைவாட்டர்ஸ் 1922 அக்டோபரில் தெருவில் வைத்து அவர் கணவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். தனியாகச் செய்தேன் என்று பைவாட்டர்ஸ் கடைசிவரை சொன்னார். எடித் எழுதிய காதல் கடிதங்களில் நஞ்சையும் கண்ணாடித் தூளையும் பற்றிய வரிகள் இருந்தன. கணவரின் உடலில் அவற்றின் தடயம் எதையும் மருத்துவர் ஸ்பில்ஸ்பரி காணவில்லை. ஆனாலும் கடிதங்களே அவரைத் தூக்குமேடைக்குக் கொண்டுபோயின. அவரைக் கொலைகாரி என்று எந்தச் சான்று நிறுவுகிறது என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் தேடுகிறேன், எனக்கு அகப்படவில்லை.

இங்கே பணம் மட்டும்தான் வேறுபாடு என்று சொல்லிவிடவும் முடியாது. எடித்துக்காக வாதிட்ட சர் ஹென்றி கர்டிஸ்-பென்னட்டும் முன்னணி வழக்கறிஞர்தான். அவர் தடுத்தும் கேளாமல் எடித் சாட்சிக் கூண்டில் ஏறியது பெரும் கேடாக முடிந்தது. நீதிபதி ஷியர்மன் திருமணத்துக்குப் புறம்பான உறவையே குற்றத்துக்குச் சமமாகப் பேசினார். மார்கரெட்டின் கடந்தகாலத்துக்குத் திரை போட்ட அதே நீதி அமைப்பு, ஒன்பது மாதங்களுக்கு முன் எடித்தின் அந்தரங்கத்தை வரிவரியாக மன்றத்தில் படித்துக் காட்டியது. சாட்சியச் சட்டப்படி இரண்டு உத்தரவுகளுக்கும் தனித்தனியே காரணம் சொல்ல முடியும். ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

சட்டம் வெளிப்படையாகவே தந்திருந்த சலுகை ஒன்றும் உண்டு. பெருங்குற்றம் சாட்டப்பட்ட பிரபு ஒருவரைச் சாதாரண ஜூரி விசாரிக்க முடியாது. பிரபுக்கள் சபையே விசாரிக்க வேண்டும். 1935-ல் கிங்ஸ்டன் புறவழிச் சாலையில் நேர்ந்த கார் விபத்தில் ஒருவர் இறந்ததற்காக டி கிளிஃபர்டு பிரபு மீது மரணம் விளைவித்த குற்றம் சாட்டப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று பிரபுக்கள் சபையில் முழுச் சடங்குடன் விசாரணை நடந்து, அவர் விடுதலையானார். அதுவே அத்தகைய கடைசி விசாரணை. 1948-ல் அந்த உரிமை நீக்கப்பட்டது. ஆகவே உங்கள் கதையில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் பட்டம் பெற்ற பிரபுவாக இருந்தால் அவரை ஓல்டு பெய்லியில் நிறுத்தாதீர்கள். பிரபுவின் மகனாகவோ மருமகனாகவோ இருந்தால் தாராளமாக நிறுத்தலாம்.

மாளிகைக் கதைகளில் வரும் புதிர்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு வருகிறேன். வேல்ஸ் எல்லையில் உள்ள ஹே என்ற சிற்றூரில் ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் என்ற வழக்கறிஞர், தோட்டத்துக் களையை அழிக்க என்று ஆர்செனிக் வாங்கி வைத்திருந்தார். 1921 பிப்ரவரியில் அவர் மனைவி இறந்தபோது யாரும் சந்தேகிக்கவில்லை. பின்னர் அதே ஊரில் தொழில்போட்டியாளராக இருந்த இன்னொரு வழக்கறிஞர், ஆம்ஸ்ட்ராங் வீட்டுத் தேநீர் விருந்துக்குப் போய்வந்து கடுமையாக வாந்தியெடுத்தார். அந்தப் போட்டியாளரின் மாமனார்தான் ஊர் மருந்துக் கடைக்காரர். ஆம்ஸ்ட்ராங்குக்கு ஆர்செனிக் விற்றவரும் அவரே. எவ்வளவு விற்றோம் என்பது அவருக்குத் தெரியும். மனைவியின் உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதித்தார்கள். ஆர்செனிக் ஏராளமாக இருந்தது. 1922 மே 31 அன்று ஆம்ஸ்ட்ராங் தூக்கிலிடப்பட்டார். தேநீர், கேக் தட்டு, களைக்கொல்லி, சிற்றூரின் பேச்சு என்று கதைகளில் நாம் காணும் பொருள்கள் அத்தனையும் இங்கே இருக்கின்றன. பிரபுவும் மாளிகையும் மட்டும் இல்லை. 1928, 1929 ஆண்டுகளில் கிராய்டனில் ஒரே குடும்பத்தில் மூவர் ஆர்செனிக்கால் இறந்த வழக்கில் இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. லிவர்பூலில் 1931 ஜனவரியில் மனைவியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட காப்பீட்டு முகவர் வாலஸை மேல்முறையீட்டு மன்றம் சாட்சியம் போதாது என்று விடுவித்தது. இவர்கள் எல்லாருமே வாடகையும் சம்பளமும் கணக்குப் பார்த்து வாழ்ந்த மக்கள்.

பிரபுவோ பெருஞ்செல்வரோ கொல்லப்பட்டு, கொன்றது யார் என்று தெரியாமலே போன வழக்குகள் கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் நான் அறிந்த இரண்டும் போர்க்காலத்தில், குடியேற்ற நாடுகளில் நடந்தவை. 1941 ஜனவரியில் கென்யாவின் நைரோபிக்கு வெளியே எரோல் பிரபு தம் காரில் தலையில் சுடப்பட்டு இறந்து கிடந்தார். அவர் காதலித்த பெண்ணின் கணவர் சர் ஜாக் பிரௌட்டன் விசாரிக்கப்பட்டு விடுதலையானார். 1943 ஜூலையில் பகாமாஸ் தீவில் பெருஞ்செல்வர் சர் ஹாரி ஓக்ஸ் கொல்லப்பட்டார். அங்கே ஆளுநராக இருந்தவர், முன்னர் நாம் கண்ட அதே எட்டாம் எட்வர்டு; முடிதுறந்தபின் விண்ட்சர் கோமகன். உள்ளூர்க் காவல்துறையை ஒதுக்கிவிட்டு அவர் மயாமியிலிருந்து வரவழைத்த துப்பறிவாளர்களின் கைரேகைச் சான்று மன்றத்தில் நிற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட மருமகன் விடுதலையானார். செல்வாக்கு உண்மையை மூடும் அளவுக்கு வேலை செய்ய வேண்டுமானால், ஊர் சிறியதாகவும் அதிகாரம் ஒரு சிலர் கையிலும் இருக்க வேண்டும் என்று இவற்றிலிருந்து ஊகிக்கிறேன். இரண்டு வழக்குகளை வைத்துச் செய்யும் ஊகம் என்பதால் அதற்கு மேல் எடை தர வேண்டாம்.

இந்தியாவில் அதே காலத்தில் நடந்த பாவ்லா வழக்கு இன்னும் தெளிவான உதாரணம். இந்தூர் மகாராஜா மூன்றாம் துக்கோஜி ராவ் ஹோல்கரின் அரண்மனையை விட்டு வெளியேறிய மும்தாஜ் பேகம், பம்பாய் வணிகர் அப்துல் காதர் பாவ்லாவின் ஆதரவில் இருந்தார். 1925 ஜனவரி 12 அன்று மலபார் ஹில்லில் அவர்கள் சென்ற காரை மறித்து, பாவ்லாவைச் சுட்டுக் கொன்று, அந்தப் பெண்ணின் முகத்தைக் கத்தியால் கிழித்தார்கள். கோல்ஃப் ஆடிவிட்டு அந்த வழியே வந்த ஆங்கில ராணுவ அதிகாரிகள் குறுக்கிட்டிராவிட்டால் அவரைக் கடத்திச் சென்றிருப்பார்கள். இந்தூரிலிருந்து வந்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள், மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மகாராஜா கூண்டில் ஏறவே இல்லை. விசாரணைக் குழுவை எதிர்கொள்வதா, அரியணையைத் துறப்பதா என்று அரசாங்கம் கேட்டபோது, 1926-ல் மகனுக்காக அரியணையைத் துறந்தார். ஆங்கிலப் பிரபுவுக்குக் கிடைக்காத பாதுகாப்பு, சமஸ்தானத்து அரசருக்குக் கிடைத்தது.

காவல்துறை பிரபுக்களிடம் தயங்கியதாகக் கதைகள் காட்டுவதில் உண்மை உண்டு. கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் காவல்துறைத் தலைவர்களில் பலர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள். அந்தப் பிரபுக்களோடு வேட்டைக்கும் விருந்துக்கும் போனவர்கள். லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டு தானாக வர முடியாது. அவர்கள் அழைத்தால்தான் வரும். அழைப்பதில் தாமதம் ஏற்பட்டால் தடயம் கலைந்துவிடும். இதை உங்கள் கதையில் தயங்காமல் பயன்படுத்தலாம். மாறாக, மாளிகை வாழ்க்கை அப்படியே செழித்திருந்ததுபோல் எழுதுவதில் எச்சரிக்கை தேவை. 1919-ல் இருபது லட்சம் பவுனுக்கு மேற்பட்ட சொத்துக்கு இறப்பு வரி நூற்றுக்கு 40 ஆக உயர்ந்தது. போரில் வாரிசை இழந்த குடும்பங்கள் நிலத்தையும் வீட்டையும் விற்றன. அந்தச் சில ஆண்டுகளில் இங்கிலாந்து நிலத்தில் கால் பங்கு கைமாறியது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அந்த அளவைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஐயுற்றிருக்கிறார்கள், ஆகவே எண்ணைச் சொல்லாமல் விற்பனையை மட்டும் காட்டுங்கள்.

எழுதத் தொடங்கும் முன் ஆண்டை உறுதி செய்துகொள்ளுங்கள். நடைமுறை பத்தாண்டுகளில் பெரிதும் மாறியது. கதை 1924-ல் நடந்தால், மரண விசாரணை அதிகாரியின் ஜூரிகள் பிணத்தை நேரில் பார்த்தே ஆக வேண்டும். கிராமத்து இறைச்சிக் கடைக்காரரும் தபால்காரரும் பிரபுவின் வீட்டு அறையில் வரிசையாக நின்று சடலத்தைப் பார்க்கும் காட்சியை நீங்கள் எழுத முடியும். 1926 சட்டத்துக்குப் பின் அந்தக் கட்டாயம் இல்லை. ஒருவர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டுவிட்டால் மரண விசாரணையை ஒத்திவைக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். 1919 டிசம்பரில் வந்த சட்டத்துக்குப் பின்பே பெண்கள் ஜூரிகளாக அமர முடிந்தது. 1920 முதல் கைத்துப்பாக்கி வைத்திருக்கச் சான்றிதழ் வேண்டும். போரிலிருந்து கொண்டுவந்த ரிவால்வரை மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் உங்கள் கர்னல், அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஏற்கனவே சட்டத்தை மீறியவர். லண்டன் காவல்துறைக்குச் சொந்த ஆய்வுக்கூடம் ஹெண்டனில் 1935-ல்தான் அமைந்தது. அவசரத்துக்கு 999 அழைப்பது 1937 ஜூன் 30-க்குப் பிறகு, அதுவும் முதலில் லண்டனில் மட்டும்.